இடது பக்கக் கதவு

"காரை மெயின் ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வந்துருங்க. அப்பாவுக்கு எஞ்சின் சத்தம் ஆகாது" என்று பொம்மைக்காரரின் மகள் போனில் சொல்லியிருந்தாள். நிருபர் அப்படியே செய்தாள். வானம் மூடிக் கிடந்த மதிய நேரம். வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அன்று விடுமுறை, தகரம் வெட்டும் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. உள்ளே பெயின்ட் வாசனை தொண்டையில் ஒட்டியது.

கூடத்துச் சுவர் முழுக்க அலமாரிகள். தகர யானை, கப்பல், ரயில், சாவி கொடுத்தால் தத்தும் தவளை. பொம்மைக்காரரின் கம்பெனி செய்யாத பொம்மை இல்லை என்பார்கள். அவள் தட்டுத் தட்டாகப் பார்த்தாள். கார் மட்டும் இல்லை.

முதலாளியான அவர் இளவயதில் வேறு பெயரில் மலைப்பாதைப் பந்தயங்களில் கார் ஓட்டியவர், பேரும் புகழுமாக இருந்தபோது திடீரென்று காணாமல் போனவர் என்று பழைய தொழிலாளிகள் சிலர் அரசல்புரசலாகச் சொல்லியிருந்தார்கள். "அவர் வாயால ஒரே ஒரு வரி வாங்கிட்டு வா, அட்டைப்படமே உனக்குத்தான்" என்று அவளுடைய பத்திரிகை ஆசிரியர் ஆசை காட்டியிருந்தார்.

பொம்மைக்காரர் கை கூப்பி வரவேற்றார். உள்ளங்கைகள் இரண்டும் சுருங்கிப் பளபளத்தன. அவள் பார்வை போன இடத்தை மகள் கவனித்துவிட்டாள்.

"தீக்காயம். எங்க மாமா, அம்மாவோட தம்பி, ஒரு விபத்துல மாட்டிக்கிட்டப்போ அப்பாதான் காப்பாத்தப் போனார். முடியல. அம்மா மாசக்கணக்கா இந்தக் கைக்கு மருந்து போட்டாங்களாம். சாகுற வரைக்கும் இந்தக் கையைத்தான் கண்ணுல ஒத்திப்பாங்க."

அவள் சொன்னதில் பெருமை இருந்தது. அவர் தலை நிமிரவில்லை.

மகள் டீ போட உள்ளே போனாள். நிருபர் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள்.

"காரா? நான் சைக்கிளே ஒழுங்கா ஓட்ட மாட்டேம்மா" என்று சிரித்தார்.

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். பழைய பந்தயம் ஒன்றின் ஒலிப்பதிவைத் தேடிப் பிடித்துத் தன் போனில் வைத்திருந்தாள். மேஜைமேல் வைத்து அதை ஓடவிட்டாள்.

மலையேறும் எஞ்சினின் உறுமல் கூடத்தை நிறைத்தது.

கிழவரின் வலது கால் தரையை அழுத்தியது. இடது கை தானாக நகர்ந்து, காற்றில் எதையோ பிடித்துப் பின்னுக்கு இழுத்தது. நிருபருக்குள் ஒரு துள்ளல். மாட்டிக்கொண்டார்.

"நிறுத்தும்மா" என்றார் அவர், மிக மெதுவாக.

அவள் நிறுத்தவில்லை. ஒரு வரி வேண்டும்.

"சத்தம் இல்லைன்னா வெளியிலேயே பேசாம நிப்பான். எஞ்சின் சத்தம் கேட்டா உள்ள வந்துருவான். நிறுத்தும்மா."

அடுத்த அறை பெயின்ட் அறை. கதவு சாத்தியிருந்தது. அதன் பின்னாலிருந்து ஓர் இளைஞனின் குரல் கேட்டது. அவசரமே இல்லாத குரல்.

"வலது. குறுகல். மெதுவா, அத்தான்."

அவள் போனை அணைத்தாள்.

குரல் நிற்கவில்லை.

"இடது. அகலம். போகலாம்."

பெயின்ட் வாசனைக்கு அடியிலிருந்து பெட்ரோல் நெடி எழுந்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாசனை. முடி கருகுகிற வாசனை.

கதவின் கைப்பிடி கீழே இறங்கியது. மேலே போனது. மறுபடி இறங்கியது.

"என் மச்சினன்" என்றார் பொம்மைக்காரர். "பக்கத்துல உக்காந்து வழி சொல்லுவான். அவன் சொன்னா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம். அன்னிக்கு மெதுவான்னான். நான் கேக்கல. வண்டி உருண்டு போய் நின்னு தீப்பிடிச்சுச்சு. என் பக்கம் கதவு திறந்துச்சு, குதிச்சுட்டேன். அவன் பக்கம் உள்ளேர்ந்து திறக்க வரல. வெளியிலேர்ந்து யாராவது இழுத்தா வந்திருக்கும்."

"நீங்க..."

"நின்னேன். கூப்பிடுற தூரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கூப்பிட்டான்."

தட் தட்டென்று கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது. பொறுமையாக.

"எல்லாம் அடங்கின அப்புறம் ஆளுங்க ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு. சும்மா நின்னவன்னு சொல்லிருவாங்களேன்னு..." அவர் உள்ளங்கைகளைப் பார்த்தார். "போய் கொதிச்சுக்கிட்டிருந்த அந்தக் கதவுத் தகரத்துல ரெண்டு கையையும் நானே வச்சேன்."

நிருபர் ஏதோ உணர்ந்து திரும்பினாள். சமையலறை வாசலில் தட்டுடன் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

கிழவர் எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். பெயின்ட் அறைக் கைப்பிடியில் கை வைத்ததும் உடம்பு துடித்தது, ஆனாலும் விடவில்லை. வெளியிலிருந்து இழுத்தார்.

உள்ளே யாருமில்லை. வண்ணம் பூசாத தகர யானைகள் வரிசையாக நின்றன. அனல் மட்டும் முகத்தில் அடித்தது.

அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார், யாருக்கோ வழி விடுகிற மாதிரி. அந்த வாசனை மூவரையும் கடந்து வாசல் பக்கம் போனது.

நிருபருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட வேறொன்றுதான் அவளைக் கூசவைத்தது. மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"டீ ஆறிடும். குடிச்சுட்டுப் போங்க" என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி.

நிருபர் நின்றவாறே நாக்கு பொத்துப்போகக் குடித்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். காலி டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

காரில் ஏறி முதல் வளைவை நெருங்கியபோது, காலியான பக்கத்து இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"இடது. மெதுவா."

அவள் மெதுவாகப் போனாள். வீடு வரைக்கும் அது சொன்னபடியே ஓட்டினாள். நிறுத்திய பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிப் போய் இடது பக்கக் கதவை வெளியிலிருந்து திறந்து பிடித்தாள். யாரோ இறங்கியதுபோல வண்டி லேசாக மேலெழும்பியது.

கட்டுரையில் அவள் யானைகளையும் தவளைகளையும் பற்றி மட்டும் எழுதினாள். "இதுக்கா உன்னை அனுப்பினேன்?" என்று ஆசிரியர் திட்டினார். வாங்கிக்கொண்டாள். தினமும் வண்டியை நிறுத்தியதும் இடது கதவைத் திறந்து பிடிப்பாள். தினமும் வண்டி எழும்பும். பழகிவிட்டது என்று சொல்ல முடியாது.

கொஞ்ச நாளில் மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா விடியக்காலைல போயிட்டார். உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல. உடம்பெல்லாம் சில்லுனு இருந்துச்சு. கை மட்டும் சுட்டுச்சு."

நிருபர் போனாள். கூட்டத்தில் கடைசியாக நின்றாள். மகள் அவளைப் பார்த்தாள்.

திரும்பும் வழி முழுக்கப் பக்கத்து இருக்கை அமைதியாக இருந்தது. ஸ்டியரிங் மட்டும் பிடிக்க முடியாத சூடு. வெயிலில் நின்ற வண்டிதானே என்று நினைத்துக்கொண்டாள். இறங்கினாள், சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து பிடித்தாள்.

வண்டி எழும்பியது.

அவள் கதவைச் சாத்தப் போனாள்.

அந்தப் பக்கம், அவள் இப்போதுதான் எழுந்து வந்த ஓட்டுநர் இருக்கையிலிருந்து, வண்டி இன்னொரு முறை மேலெழும்பியது.