தோன்யா எதெல்வினாவின் அணையாத செல்பேசி

மாட்டிறைச்சி நிறுக்கும் தராசில்தான் பயணிகள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். சான் பெனிதோவின் புல்வெளி ஓடுதளத்தில் வேறு தராசு கிடையாது.

"இருபத்தேழு கிலோவா? ஒரு தொடைக்கறி அளவுகூட இல்லையே நீ! முன்னாடி வா, என் பக்கத்துல உக்காரு," என்றார் விமானி ஃப்ரோயிலான்.

ரோசெலிக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னால், அம்மாவின் மடியில் அவளுடைய தம்பி ஏபெர் துவண்டு கிடந்தான். ஐந்து வயது. காலையில் வாழைத்தோப்பில் விரியன் அவன் காலைக் கடித்துவிட்டது. கால் கருநீலமாகி, வீக்கம் முழங்கால் வரை ஏறியிருந்தது. மருந்து திரினிதாத் நகரில்தான் உண்டு. ஆறுகள் பெருகி வழியெல்லாம் வெள்ளம் ஆனதால் படகும் ஓடவில்லை.

"எல்லாரும் செல்பேசிய அணைச்சாச்சா?" என்று கேட்டார் விமானி.

"எங்ககிட்ட ஏது?" என்றாள் அம்மா.

ரோசெலிக்கு நேர் பின்னால் அமர்ந்திருந்த தோன்யா எதெல்வினா, ஊரார் மரியாதையாய்த் தோன்யா என்று அழைக்கும் மூதாட்டி, நகரத்து மருத்துவரிடம் கண்ணைக் காட்டப் போகிறவர், தலையை மட்டும் அசைத்தார். சான் பெனிதோவில் செல்பேசிக் கோபுரமே இல்லை. அங்கே செல்பேசி என்றால் பாட்டுப் பெட்டி, இருட்டில் கைவிளக்கு. அது பேசும் கருவி என்பதே ஊரார் பலருக்கும் மறந்துபோயிருந்தது.

விமானம் எழுந்தது. விமானி ரோசெலியின் காதிலும் வானொலிப் பேச்சு கேட்கும் கேட்பொறி ஒன்றை மாட்டிவிட்டார். அரைமணி நேரம் எஞ்சினின் முழக்கம் மட்டுமே. பிறகு எதிரே முகில் எழுந்தது. கருங்கடல் ஒன்று நிமிர்ந்து நின்று வழியை மறித்தது போல் இருந்தது.

விமானி நகரத்து விமான நிலையத்தை அழைத்தார். பதில் வந்தது.

"ஓடுபாதை... ட்ர்ர்-டிக்-டிக்-டிக்... மழை... ட்ர்ர்ர்ர்..."

"மறுபடி சொல்லுங்க!"

"ட்ர்ர்-டிக்-டிக்-டிக்..."

விமானியின் முகம் இறுகியது. "யாருகிட்டயோ செல்பேசி உயிரோட இருக்கு! மேலே வந்ததும் கோபுரத்தைத் தேடிக் கத்துது. அந்த இரைச்சல்தான் என் காதுல விழுது. யாரும்மா அது?"

அம்மா இல்லை என்று தலையசைத்தாள்.

"முகிலுக்குள்ள எனக்குக் கண்ணு தெரியாது. அவங்க சொல்றதும் கேக்கலைன்னா நான் எப்படி இறங்க? மூணு சுத்து சுத்துவேன். அப்பவும் கேக்கலைன்னா ஊருக்கே திரும்பணும். எரிபொருள் அவ்வளவுதான்."

"திரும்பினா என் புள்ள..." அம்மா ஏபெரை இறுக்கிக்கொண்டாள். "மாசில்லாத தாயே, எங்களைக் கைவிட்டுட்டியா?" என்று முனகினாள்.

முதல் சுற்று முடிந்தது. இரைச்சல் ஓயவில்லை.

ரோசெலி திரும்பித் தம்பியின் கையைப் பிடித்தாள். அது ஈரமாய்க் குளிர்ந்திருந்தது. அவன் அவள் விரலைப் பற்றவில்லை. எப்போதும் பற்றுவான்.

இரண்டாம் சுற்றும் முடிந்தது.

அப்போதுதான் அவள் கண்டாள். தோன்யா எதெல்வினா இரு கைகளையும் மார்போடு அழுத்தியிருந்தார். அவர் விரல்களுக்கு அடியில், பிடிபட்ட கோழிக்குஞ்சு போல், துணி துடித்தது. இருவர் கண்களும் சந்தித்தன. சொல்லிவிடாதே என்று கெஞ்சின அந்தக் கண்கள்.

'இவங்கதான்!' என்ற கூச்சல் ரோசெலியின் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள். தன் காதிலிருந்த கேட்பொறியைக் கழற்றி அவர் காதில் வைத்தாள்.

"கேளுங்க, தோன்யா. இதுக்குள்ள ஒருத்தர் நம்மளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. அவர் சொல்றது உங்களுக்குப் புரியுதா?"

அவர் கேட்டார். முகம் சுருங்கியது.

"இது பேசாத பெட்டின்னுதான் நெனச்சேன், மகளே." செல்பேசியை வெளியே எடுத்தார். "என் மகன் ரானுல்ஃபோவோடது. வெள்ளத்துல போனானே, அவனோடது. கோயில்ல அவன் பாடினது இதுலதான் இருக்கு. அணைச்சுட்டு மறுபடி போட்டா, திறக்க எண் கேக்கும். அந்த எண்ணை அவன் எங்கிட்ட சொல்லவே இல்ல."

"அதைப் பிடுங்கி வெளியே வீசு!" என்று இரைந்தார் விமானி.

தோன்யா அதை மார்போடு இறுக அணைத்துக்கொண்டார்.

"வீச வேண்டாம், கேப்டன்! அணைக்கவும் வேண்டாம்!" என்றாள் ரோசெலி. ஆசிரியையின் செல்பேசியில் விளையாடும்போது அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். "தோன்யா, மேலேருந்து விரலால இழுத்தா சின்ன விமானப் படம் வரும். அதைத் தொட்டா கோபுரத்தைத் தேடுறது மட்டும் நின்னுடும். பாட்டு அப்படியே இருக்கும். தொடவா?"

"பொய் சொல்லலையே?"

"என் தம்பி மேல சத்தியமா."

மூன்றாம் சுற்று பாதியைக் கடந்துவிட்டது. விமானி ஊர்ப்பக்கம் பார்க்கத் தொடங்கினார். தோன்யாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

"நீயே தொடு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

ரோசெலி தொட்டாள்.

கேட்பொறியில் இரைச்சல் அறுந்தது. "...ஓடுபாதை திறந்திருக்கு. மழை வடக்கே நகர்ந்துடுச்சு. மறுபடி சொல்றேன்..." என்றது தெளிந்த குரல். விமானி ஒரு பெருமூச்சு விட்டார். விமானம் முகிலுக்குள் நுழைந்தது. தோன்யா செல்பேசித் திரையைக் கண்ணருகே கொண்டுபோய்த் தேடினார். பாடல் இருந்தது. அதன்பின் தரையிறங்கும் வரை அவர் ஏபெரின் பாதத்தைத் தம் மடியில் தாங்கிக்கொண்டார்.

மருத்துவமனையில் மருந்து ஏற்றினார்கள். மருத்துவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. இன்னொரு மணியும் போயிற்று. அம்மா அழுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் ரோசெலியை மிகவும் அச்சுறுத்தியது. அவள் தம்பியின் உள்ளங்கையில் தன் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

மாலை வெயில் சாளரத்தில் சாய்ந்தபோது, அந்தச் சிறு கை மெல்ல மூடி அவள் விரலைப் பற்றியது.

"அக்கா," என்றான் ஏபெர், கண்ணைத் திறக்காமலே. "விமானத்துல முன்னாடி நீதானே உக்காந்த?"

"ஆமாடா."

"போகும்போது நான்."

வாழ்நாளில் முதன்முறையாக, சண்டை போடாமல் ரோசெலி அதற்கு ஒத்துக்கொண்டாள்.