போதும் என்று சொல்லும்வரை

அந்த மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, மூச்சுப் பரிசோதனை அறை எங்கே என்று கேட்டதற்கு வாயிற்காவலர் கையை நீட்டி வழி காட்டவில்லை. காதைத் தொட்டுக் காட்டினார்.

"சும்மா நடங்க. சத்தம் கேக்கும்."

கேட்டது. நீண்ட தாழ்வாரத்தின் கோடியில், ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும் கிருமிநாசினி வாடையும் கலந்த இருட்டுக்குள்ளிருந்து, ஒரு பெண் குரல் உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தது. "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க! விடாதீங்க! இன்னும், இன்னும்... போதும்!"

அவளைத்தான் எல்லோரும் ஊதக்கா என்றார்கள். மூச்சுக்கு முந்நூறு தரம் ஊது ஊது என்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? நரைத்த தலை, குள்ளமான உருவம், ஊருக்கே கேட்கும் தொண்டை. நான் அவளுக்கு அடுத்த இடத்தில் வேலை பார்க்கப் படித்து முடித்து வந்தவள்.

எனக்குச் சின்ன வயதில் இளைப்பு உண்டு. மூச்சுக்குழாய் சுருங்கிப்போய், ஊசித் துளை வழியாகக் காற்றை இழுப்பது போலிருக்கும். வளர வளர அது விட்டுப்போனது, பயம் மட்டும் விடவில்லை. பாம்போ பேயோ எனக்குப் பொருட்டில்லை. மூச்சு முட்டுவது ஒன்றுதான் பயம். "அப்புறம் எதுக்கு இந்த வேலைக்குப் போற?" என்று என் கணவர் கேலி செய்வார். எதிரி வீட்டு வாசலிலேயே கடை போட்டால் அவன் நடமாட்டம் தெரியுமே என்று நினைத்தேன்.

அறையின் நடுவில் பெட்டி நின்றது. நான்கு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஒரு நாற்காலி, வாய் வைக்க ஒரு குழாய், பேசுவதற்கு ஒரு ஒலிபெருக்கி. ஆள் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் காந்தம் பிடித்துக்கொள்ளும், ஒலிபெருக்கி வழியாக அல்லாமல் வெளியே பேசுவது எதுவும் கேட்காது. மூக்கில் கவ்வி மாட்டி, உதடுகளைக் குழாயில் இறுக்கி, கன்னம் உப்பாமல் இரண்டு கைகளாலும் அழுத்திக்கொள்ள வேண்டும். நடுவில் குழாய்க்குள் ஒரு சின்ன மூடி சட்டென்று அடைத்துக்கொள்ளும். ஓரிரு நொடிதான். காற்றில்லாத குழாயில் ஆள் மூச்சிழுக்க முயல்வார், கணினி கணக்குப் போட்டுவிடும், மூடி திறந்துவிடும்.

ஊதக்கா நோயாளிகளிடம் அதை விளக்குவது தனி அழகு. "வலப்பக்கம் மூணு மடல், இடப்பக்கம் ரெண்டு. ஏன்னா இதயத்துக்கு இடம் விட்டுக் குடுத்திருக்கு. நல்ல மனசுங்க நுரையீரலுக்கு. நீங்கதான் அதுக்குப் புகையைக் குடுத்து வதைக்கிறீங்க." புகைத்துப் புகைத்துக் காற்றறைகள் தொய்ந்துபோனவர் தலையைக் குனிந்துகொள்வார். "எம்புட்டு ஊதினாலும் கடைசியில கொஞ்சம் காத்து உள்ளயே தங்கிரும். அது தங்கலேன்னா காத்தறையெல்லாம் சப்பிப் போய் ஒட்டிக்கும். யாராலயும் வெளிய தள்ள முடியாது அதை. அந்த மிச்சத்தை அளக்கத்தான் இந்தப் பெட்டி."

ஆனால் அவளிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. ஒவ்வொரு நோயாளியையும் உள்ளே அனுப்புமுன், தலையை மட்டும் பெட்டிக்குள் நீட்டி, காலி நாற்காலியைப் பார்த்து மெதுவாகச் சொல்வாள்.

"போதும்."

கொஞ்சம் காத்திருப்பாள். அப்புறம்தான் ஆளை உட்கார வைப்பாள்.

முதலில் தொண்டையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். பிறகு வயசாகிவிட்டது என்று நினைத்தேன். கேட்டபோது, "அது ஒரு பழக்கம்மா, விடு" என்றாள்.

இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நோயில்லாத ஊழியர் ஒருவர் வாரா வாரம் உள்ளே உட்கார்ந்து ஊதிப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் அது கட்டாயம். அவள் அதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. நான் விடாமல் நச்சரித்தேன். "நான் உக்கார மாட்டேன். நீயும் உக்காராத" என்றாள். பிடிவாதத்தில் நான் யாருக்கும் சளைத்தவளல்ல.

ஒரு மத்தியானம் நோயாளிகள் முடிந்தபிறகு வார்டிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவள் போனதும் கணினியைத் தானாக ஓடும்படி வைத்துவிட்டுப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தேன். கவ்வியை மாட்டினேன். கதவை இழுத்தேன்.

மழைச் சத்தம் அறுந்தது.

குழாயில் வாயை வைத்து, கன்னங்களை அழுத்திக்கொண்டு, நிதானமாக மூச்சு விட்டேன். திரையில் என் மூச்சு அலை அலையாக ஏறி இறங்குவது கண்ணாடி வழியே தெரிந்தது. ஒழுங்கான, அழகான அலை. எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் பக்கத்துக் கண்ணாடியைக் கவனித்தேன். என் தோளுக்குப் பின்னால், தலை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது.

அது மறைந்தது. மறுபடி படிந்தது.

என் மூக்கு அடைபட்டிருந்தது. என் வாய் குழாயில் இருந்தது. அந்த ஆவி என்னுடையதாக இருக்க வழியே இல்லை.

குழாய்க்குள் மூடி அடைத்தது.

ஒரு நொடி. இன்னொரு நொடி. வழக்கமாகத் திறக்கும் நேரம் கடந்தது. இழுத்தேன், காற்று வரவில்லை. வாயை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தலையைப் பின்னுக்குச் சாய்த்தேன்.

தலை அசையவில்லை.

கன்னத்தில் இருந்த என் கைகளின் மேல் வேறு இரண்டு கைகள் இருந்தன. சொரசொரப்பான, ஜில்லென்ற கைகள். முரட்டுத்தனமாக அல்ல, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போலப் பதமாக அழுத்தின. கதவைத் திறக்கும் பொத்தான் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

காதோரம் ஒரு கிசுகிசுப்பு. இழுத்து இழுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைக் கடன் வாங்கி.

"எடுக்காதீங்கம்மா... அவங்க... இன்னும் சொல்லல."

ஈரக்குலை நடுங்கியது என்பார்கள். எனக்கு நுரையீரல் நடுங்கியது. விலா எலும்புகள் உள்ளே வளைந்தன. சின்ன வயதின் அத்தனை இளைப்பும் ஒன்றாகத் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. செத்துப்போவேன், இந்தக் கண்ணாடிக்குள் எல்லோரும் பார்க்கும்படி செத்துப்போவேன் என்று தோன்றியது.

"பொறுத்துக்குங்க... சொல்லிருவாங்க."

கதவுப் பக்கம் ஊதக்கா தெரிந்தாள். என்னைப் பார்த்தாள். என் பின்னால் பார்த்தாள். கையிலிருந்த தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து மேஜையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். அவள் குரல் பெட்டிக்குள் வெடித்தது. என்னிடம் பேசவில்லை அவள்.

"ஐயா! போதும்யா! போதும், வாயை எடுங்க! நான் சொல்லிட்டேன்ல, போதும்!"

மூடி திறந்தது. என் பிடரியில் ஒரு நீண்ட பெருமூச்சு இறங்கியது, எவ்வளவோ காலமாக அடக்கி வைத்திருந்தது போல. நான் கவ்வியைப் பிய்த்தெறிந்துவிட்டு, வாயைத் திறந்து, பெட்டிக்குள் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சினேன். நனைந்த கல்தூளின் வாடை அடித்தது. நாக்கில் நறநறத்தது.

தாழ்வாரத்து பெஞ்சில் என்னை உட்கார வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே ஊதக்கா சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"கல்லறுக்கிற வேலை பாத்தவரு. தூசி படிஞ்சு படிஞ்சு நுரையீரல் கல்லா இறுகிப்போச்சு. ரொம்பச் சாதுவான மனுஷன். நான் போதும்னு சொல்ற வரைக்கும் எது நடந்தாலும் வாயை எடுக்கக்கூடாதுன்னு கண்டிச்சுச் சொன்னேன். எல்லாருக்கும் சொல்றதுதானே? மூடி அடைச்ச நேரம் பாத்துக் கரண்ட் போச்சு. ஒலிபெருக்கியும் செத்துப்போச்சு. அப்ப உள்ளயிருந்து திறக்கப் பொத்தான் கிடையாது, கரண்ட் இல்லாம வெளியயிருந்தும் கதவு திறக்க வரல. நான் எலக்ட்ரீஷியனைக் கூட்டியாரேன்னு ஓடிட்டேன். ஒரு கையசைப்பு காட்டிட்டு ஓடியிருக்கலாம்ல?"

"வாயை எடுத்திருப்பார்ல, அக்கா? யாரா இருந்தாலும் எடுத்துருவாங்களே."

"நாங்க திறந்தப்ப கை ரெண்டும் கன்னத்துல இருந்துச்சு. வாய் குழாயில இருந்துச்சு. கண்ணு என் நாற்காலியையே பாத்துட்டு இருந்துச்சும்மா."

என் கையைப் பிடித்தாள். "இதைப் பத்தி வெளிய மூச்சு விடாத" என்றாள்.

நான் விடவில்லை. விட்டால் யார் நம்புவார்கள்?

அதன்பிறகு பெட்டி சாதுவாகிவிட்டது. கண்ணாடியில் ஆவி படியவில்லை. காலி நாற்காலிக்கு 'போதும்' சொல்வதை ஊதக்கா மெல்ல நிறுத்திக்கொண்டாள். "போயிட்டாரும்மா. அன்னிக்கு அவரு காதுல விழுந்துருச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெகுநாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

இருமல் மட்டும் நிற்கவில்லை. சளி இல்லாத வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் இளைத்தது. காலையில் பல் துலக்கும்போது வாய் நறநறவென்று இருந்தது. மறுபடி இளைப்பா என்று பயந்துபோய் டாக்டரிடம் காட்டினேன். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. "உங்க அறையிலயே ஒருவாட்டி ஊதிப் பாத்துருங்களேன்" என்றார் அவர்.

பெட்டிக்குள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெளியே மேஜையிலிருந்த சின்னக் கருவி போதும் என்று ஊதக்காவும் சொன்னாள். ஜன்னல் திறந்திருந்தது, நல்ல வெயில். கவ்வியை மாட்டினாள், குழாயைக் கையில் கொடுத்தாள்.

"நல்லா இழு. ம்... இப்ப ஊது! ஊது ஊது ஊது! விடாத, இன்னும், இன்னும்..."

ஊதினேன். திரையில் கோடு விர்ரென்று ஏறியது. நெஞ்சு ஒட்டிப்போகும்வரை ஊதினேன். இனி என்னிடம் ஒன்றுமில்லை என்கிற இடம் வந்ததும் ஊதுவதை நிறுத்தினேன்.

"அடேயப்பா, நல்லா ஊதுறியே" என்றாள் ஊதக்கா. "இன்னும்... சரி, போதும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"போதும்மா. நிறுத்து."

தலையை அசைக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் கைகள் எப்போது கன்னத்துக்குப் போயின என்று தெரியவில்லை.

அவள் முகம் வெளுத்தது. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னிடம் அல்லாமல், என் நெஞ்சைப் பார்த்துக் கெஞ்சினாள்.

"ஐயா... போதும்யா."

நான் எப்போதோ ஊதி முடித்திருந்தேன். திரையில் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.