ஜாடிக்குள் சாய்ந்த கோடு

காலை 9.20. ஆய்வுக்கூட உதவியாளன் சஹீர் தூக்கியதுமே ஜாடிக்குள் தளும்பியது. தளும்பவே கூடாத ஜாடி அது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ஆய்வாளர் கயல்விழி வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு உப்பிலிருந்து உருவாக்கிய ஜெல். களிமண் கரைசலில் கலந்தால் அச்சு இல்லாமலே உறைந்து நிற்கும். இப்போது அதில் பாதியைக் காணோம். மேலே ஏதோ கலங்கல் தண்ணீர்.

சத்தம் கேட்டு வந்த மேனேஜர் ஆனந்தராஜ் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. சஹீரின் போனைப் பிடுங்கிக்கொண்டு, அவனை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, போலீசைக் கூப்பிட்டார்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சஹீருக்கு வியர்த்துக் கொட்டியது. குவைத் விசாவுக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். கேஸ் விழுந்தால் விசா அம்போதான். வெளியே மேனேஜரின் பைக் ஒய்யாரமாகச் சாய்ந்து நின்றது. அதைப் பார்க்கக்கூட எரிச்சலாக இருந்தது.

10.05. இன்ஸ்பெக்டர் பானுமதி பூட்டைத் திறக்கவைத்து உள்ளே வந்தார். தகவல் தெரிந்து அப்போதுதான் ஓடிவந்த கயல்விழியும் பின்னாலேயே நுழைந்தாள்.

"சாவி யார்கிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு, மேனேஜர் சார்கிட்ட ஒண்ணுங்க மேடம்," என்றான் சஹீர்.

"நேத்து வீட்டுக்கு எப்படிப் போன?"

"ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுங்க. வரதும் அதுலதான்."

ஆனந்தராஜ் குறுக்கே விழுந்தார். "இவன்தான் மேடம். சூடு பண்ணி உருக்கி, பாதிய ஊத்திக்கிட்டு, பக்கத்து புட்டியில இருக்குற இன்னொரு உப்புத் தண்ணிய வச்சு நெரப்பிட்டான். ரெண்டும் ஒரே ஃபார்முலா. உறைஞ்சிடும்னு நெனச்சிருக்கான்."

"உறையாதா?" பானுமதி கயல்விழியிடம் கேட்டார்.

"உறையாதுங்க. ரெண்டு உப்புலயும் அதே அணுக்கள்தான். ஒரு கை மட்டும் எடம் மாறியிருக்குது. ஜெல் உப்புல மூலக்கூறுங்க கைகோத்து நூலு நூலா பின்னி, தண்ணிய உள்ள புடிச்சி வச்சிக்கும். பக்கத்து புட்டி உப்புல கை எட்டாது. குருணையா படிஞ்சிடும்."

"சஹீருக்கு இது தெரியுமா?"

"தெனம் ரெண்டையும் காய்ச்சி ஆற வக்கிறதே அவன்தாங்க."

பானுமதி ஜாடியை வெளிச்சத்தில் பார்த்தார். அடியிலிருந்த ஜெல்லின் மேற்பரப்பு ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கியிருந்தது. மேசைமேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். எந்தப் பக்கமும் ஓடவில்லை; மேசை மட்டம்தான். ஜாடியோடு வெளியே நடந்தார்.

"மேனேஜர் சார், வண்டியோட சைடு பாக்ஸத் தொறங்க."

பைக் சாய்ந்தபடியே நிற்க, பெட்டிக்குள் ஜாடியை வைத்து மெல்லத் திருப்பினார். கோணலாக இருந்த கோடு மட்டமாகப் படுத்துக்கொண்டது.

"உருக்கின ஜெல் எங்க ஆறுதோ அங்க மட்டமா உறையும். இது சைடு ஸ்டாண்டு போட்ட வண்டியில ஆறியிருக்குது. பஸ்ஸுக்கு ஏது சைடு ஸ்டாண்டு? அப்புறம், பக்கத்து புட்டித் தண்ணின்னு நீங்களாத்தான் சொன்னீங்க. நாங்க யாரும் சொல்லல."

ஆனந்தராஜின் முகம் செத்துப்போனது. "வெளியூர் கம்பெனிக்காரன் கேட்டான் மேடம்..."

பானுமதி பேனாவை எடுத்தார். "ஜாடிய மொதல்ல பாத்தது யாரு? அவங்கதான் முக்கிய சாட்சி. கோர்ட்டு கூப்புடறப்பல்லாம் வந்து நிக்கணும்."

கோர்ட்டுக்கு அலைந்தால் குவைத் எப்படிப் போவது? திருட்டுப் பழியிலிருந்து தப்பித்து சாட்சியில் மாட்டிக்கொண்டோமே என்று நொந்து, சஹீர் வாயைத் திறந்தான்.

"நாந்தாங்க பாத்தேன்," என்றாள் கயல்விழி முந்திக்கொண்டு.

பானுமதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். தன் பின்னால்தான் அவள் உள்ளேயே நுழைந்தாள். ஆனாலும் கயல்விழியின் பெயரையே எழுதினார்.

"தம்பி, நீ இன்னும் ஏன் இங்க நிக்கிற?"