ரீத்தாவின் நைலான் ஸ்டாக்கிங்

காலை ஏழு மணிக்கு ரீத்தா தன் கல்யாண ஸ்டாக்கிங்கை உதறினாள். ஒன்றும் விழவில்லை. அதன் நுனியில் திணித்து வைத்திருந்த ஏழு பவுன் சங்கிலியைக் காணவில்லை. பத்து மணிக்குக் கோயிலில் திருமணம்.

சங்கிலியை அங்கே ஒளித்தவள் அவளுடைய அம்மா வியாகுலம். "எந்தத் திருடன் மேஜோட்டுக்குள்ள கையை விடப்போறான்?" என்று முந்தின நாள் சாப்பாட்டின்போது எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தவளும் அவளேதான்.

எட்டு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் சிவஞானம் மரைன் ஹில் மேட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். எல்லாருடைய பையையும் சோதித்தார். பயனில்லை.

"ஸ்டாக்கிங் இருந்த அறைக்குள்ள யார் யார் போனாங்க?"

"நேத்து சாயங்காலம் பெட்டியைப் பரண்ல இருந்து இறக்க மாப்பிள்ளை மிக்கேல் வந்தாரு. ராத்திரி லைட் கட்ட அருள்நாதன் தம்பி போச்சு. அவ்வளவுதான்," என்றாள் வியாகுலம்.

அருள்நாதன் கப்பல் கம்பெனி கிளார்க். முந்தின நாளிலிருந்து வீட்டுக்கே போகாமல் இங்கே பந்தல் வேலை பார்த்தவன். அவன் ஸ்டாக்கிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"இந்தப் பொம்பளைச் சாமான் பத்தி எனக்கு என்ன சார் தெரியும்? ஆனா பாருங்க, வெல்ட்டுக்குக் கீழ இருந்து கணுக்கால் வரைக்கும் கிழிஞ்சிருக்கு. கயிறு இழுக்குற கைதான் இப்படிக் கிழிக்கும்."

"வெல்ட்டா? அது என்ன மீனு?" என்றாள் வியாகுலம். பிறகு அருள்நாதன் நின்ற தரையைப் பார்த்தாள். "ஷூவைக் கழட்டிட்டு வரப்படாதா தம்பி? வீடெல்லாம் சேறு."

"கோயிலுக்கு நேரமாச்சு அத்தை," என்றான் அவன்.

பக்கத்து வீட்டு நீலாவதி தலையை நீட்டினாள். "ஒரு மோஜாவுக்கா இவ்வளவு கலாட்டா?"

செய்தி கேட்டு வந்து நின்ற மிக்கேலின் கையைச் சிவஞானம் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கத் தூண்டில் கயிறு அறுத்த காய்ப்பு.

"மீன் பிடிக்கப் புது டிங்கிப் படகு வாங்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தியாமே. சலோ, ஜீப்புல ஏறு. உன் வீட்டையும் பார்த்துடலாம்."

"நான் எடுக்கல சார்," என்றான் மிக்கேல். அவன் பார்த்தது ரீத்தாவை. ஜீப் ஏறிவிட்டால் இன்று மட்டுமல்ல, என்றைக்கும் கல்யாணம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க சார்."

பேசியது ரோசலின், ரீத்தாவின் பெரியப்பா மகள். ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ்; தினமும் வெள்ளை ஸ்டாக்கிங் போட்டு டியூட்டிக்குப் போகிறவள். கிழிந்ததை உட்புறம் வெளியே வருமாறு புரட்டி விரலால் தடவினாள். பிறகு நல்லதாக இருந்த மற்றொன்றை எடுத்தாள்.

"ரீத்தா, இதுவும் போயிரும். பரவாயில்லையா?"

"போகட்டும் அக்கா."

"மிக்கேல், உள்ளே கையை விடுங்க. நுனி வரைக்கும்."

மிக்கேல் விட்டான். மேல்பட்டியைத் தாண்டுவதற்குள்ளேயே நைலான் அவன் விரலில் மாட்டியது. கை இறங்க இறங்க இழைகள் சுருண்டு எழுந்தன. வெளியே எடுத்தபோது அது பூனை பிராண்டிய கொசுவலை போல இருந்தது.

"மிக்கேல் கையை விட்டா இப்படித்தான் ஆகும், உள்பக்கம் பூரா," என்றாள் ரோசலின். "சங்கிலி இருந்த ஸ்டாக்கிங்கைப் பாருங்க. உள்ளே ஒரு இழைகூட எழும்பல. ஒரே கோடு. அந்தக் கோட்டோட தலைப்புல வெளியே இருந்து குத்தின ஊசித் துளை. மெத்துனு இருக்கற கை சங்கிலியை எடுத்திருக்கு. அப்புறம் குண்டூசியால கிழிச்சு மிக்கேல் மேல பழி போட்டிருக்கு."

"அச்சா. யாரோட கை?"

"எங்க சித்திக்கு இது மேஜோடு. நீலாவதி அக்காவுக்கு மோஜா. தினமும் போடுற நானே மேல்பட்டின்னுதான் சொல்வேன். அதை வெல்ட்னு சொல்றது, சாக்ஸ் பனியன் விக்குற ஹோசியரிக் கடையில நின்னவங்களுக்குத்தான் பழக்கம். எந்தக் கடையில இருந்தீங்க அருள்நாதன்?"

அவன் முகம் வெளுத்தது. "மெட்ராஸ்ல ரெண்டு வருஷம். அதனால நான் திருடனா?"

"அதனால மட்டும் இல்ல. எடுத்தவர் வீட்டுக்குப் போயிருந்தா சங்கிலி அங்கே போயிருக்கும். நீங்க போகவே இல்ல. பையிலயும் இல்ல. வாசல்ல எல்லாச் செருப்பும் கிடக்கு. சித்தி சொல்லியும் நீங்க மட்டும் ஷூ கழட்டல." ரோசலின் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள். "உட்காருங்க. ஷூவைக் கழட்டி, கார்ட்டர் பட்டையை அவிழ்த்து சாக்ஸையும் கழட்டுங்க."

அவன் அசையவில்லை. சிவஞானம் குனிந்தார். இடது சாக்ஸிலிருந்து சங்கிலி சரிந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"நானும்தானே பொண்ணு கேட்டேன்," என்றான் அருள்நாதன். "மீன்காரனுக்குக் குடுத்தீங்க."

"குடுத்தாங்களா?" என்றாள் ரீத்தா. "நான்தான் கேட்டேன்."

சிவஞானம் ஷூவைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார். ஜீப்பில் ஏறியவன் வெறுங்காலோடு ஏறினான்.

பத்து மணிக்கு ரீத்தா ஸ்டாக்கிங் இல்லாமலேயே பீடத்தின் முன் நின்றாள். மிக்கேல் அவள் முக்காட்டை விலக்கியபோது நைலான் வலை அவன் விரலில் மாட்டிக்கொண்டது. அவன் பதறி இழுக்கப் பார்த்தான்.

"இருக்கட்டும்," என்றாள் ரீத்தா.