மேற்கு வீடு

ஜீப் சந்துக்குள் திரும்பியபோது காலை ஏழே கால்.

"மேற்கு வீடு மேடம். அந்தப் பச்சை கேட்டுதான்," என்றார் ஏட்டு.

ஆய்வாளர் தலையசைத்து இறங்கினார். இருவரும் ஸ்டேஷனுக்குப் போகாமல் வீட்டிலிருந்து நேரே கிளம்பியவர்கள். வயர்லெஸ் சொன்னது இவ்வளவுதான்: தெருப் பெயர், பச்சை கேட், மாடியில் பெண் பிணம்.

தையல்காரி மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தாள். கழுத்தில் அளவு டேப் இறுகியிருந்தது. ஊசியில் நூல் கோத்தபடியே இருந்தது.

புருஷனின் அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவள். இந்த முகவரி அவள் அண்ணனுக்கும் வக்கீலுக்கும் மட்டுமே தெரியும். எட்டரைக்குப் பேருந்து நிலையத்தில் புருஷன் பிடிபட்டான். கொன்றதை ஒப்புக்கொண்டான். முகவரி யார் தந்தது என்றால் மட்டும் ஒரே பதில்: "தெருவுல கேட்டேன்."

கீழ்வீட்டில் வாட்ச் ரிப்பேர்காரர் இருந்தார். காலையில் பிணத்தை முதலில் பார்த்தவர்.

"நேத்து சாயங்காலம் என் கதவைத்தான் முதல்ல தட்டினான். 'மேற்கு வீடு இதுதானே, அவளைக் கூப்பிடு'ன்னான். வாட்ச் ரிப்பேர்னா உக்காரு, பொண்டாட்டி ரிப்பேர்னா வேற ஆளைப் பாருன்னு சாத்திட்டுக் கடைக்குப் போயிட்டேன்." அவர் குரல் இறங்கியது. "மேல மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சும்மா. அந்தச் சத்தத்தை வெச்சு ஏறிட்டான் போல."

"உங்க வீட்டுக்கு மேற்கு வீடுன்னா பேரு?"

"எவன் சொல்றான்? வாட்ச்காரன் வீடு. அவளோடது மாடி வீடு. அவளுக்கு வர்ற சர்க்கார் கவர் மட்டும் மேற்குப் பார்த்த என் கதவுலதான் விழும். ஏன்னு தெரியல."

படிக்கட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"முந்தாநாள் அவன் உனக்குப் போன் பண்ணியிருக்கான்."

"அழுதான். வெச்சுட்டேன்."

"அட்ரஸ்?"

"சத்தியமா சொல்லல மேடம். அம்மா நம்ப மாட்டேங்கிறாங்க. காட்டிக் கொடுத்த கையால அவளைத் தொடாதேன்னுட்டாங்க."

ஆய்வாளர் செத்தவளின் கைப்பையைத் திறந்தார். அரசு மருத்துவ அட்டை. முகவரியில் 'மேற்கு வீடு' என்றிருந்தது.

"அது தப்பு மேடம்," என்றான் அண்ணன். "மனுவுல நான்தான் 'மே. வீடு'ன்னு எழுதினேன். மேல் வீடு. டைப் பண்ணவங்க மேற்கு ஆக்கிட்டாங்க. திருத்தலாம்டின்னேன். 'தப்பாவே இருக்கட்டும்ணா, எனக்கு அதுதான் நல்லது'ன்னு சிரிச்சா."

ஆய்வாளர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் யாரோ மெஷினை நகர்த்தினார்கள்.

பகல் இரண்டு மணி. ஸ்டேஷனில் கதவைச் சாத்திக்கொண்டு ஏட்டை எதிரில் நிறுத்தினார்.

"அந்த வீட்டுக்கு முன்னாடி போயிருக்கீங்களா?"

"இல்லையே மேடம்."

"அண்ணனோ வக்கீலோ சொல்லியிருந்தா மாடின்னுதான் சொல்லியிருப்பாங்க. தெருவுல கேட்டாலும் அப்படித்தான். மேற்கு வீடுங்கிறது அந்த அட்டைக்கான சர்க்கார் பதிவுல மட்டும்தான் இருக்கு, அது நம்ம ஸ்டேஷன் கம்ப்யூட்டர்லயும் திறக்கும். வாட்ச்காரர்கிட்ட புருஷன் அதைத்தான் சொன்னான். காலையில வயர்லெஸ் மாடின்னு சொல்லியும், இன்னிக்குக் கம்ப்யூட்டர் பக்கமே போகாத நீங்களும் அதையே சொன்னீங்க. பதிவை எப்பப் பார்த்தீங்க?"

ஏட்டு சுவரைப் பார்த்தார்.

"என்கூடப் படிச்சவன் மேடம். சேர்ந்து வாழணும்னு அழுதான். புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், நல்லது பண்றோம்னு நினைச்சேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பார்க்கக் கூடாதுன்னு சட்டம் ஏதாவது இருக்கா?"

இல்லை. பணியில் இருக்கும் எவரும் எவருடைய பதிவையும் திறக்கலாம். காரணம் சொல்ல வேண்டாம். திறந்தவர் பெயரும் எங்கும் பதியாது. இதை மாற்றும் சட்டத் திருத்தம் மூன்றாவது வருடமாகச் சட்டமன்றக் குழுவின் மேஜையில் கிடக்கிறது. ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோது, வேலை தாமதமாகும் என்று எல்லா ஸ்டேஷன்களும் எழுதியிருந்தன. இந்த ஸ்டேஷனும்தான்.

வெளியே பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்தான். ஆய்வாளர் நடந்ததைச் சொன்னார்.

"அவரை எந்தச் செக்ஷன்ல உள்ள போடுவீங்க?"

"கொல்லப் போறான்னு அவருக்குத் தெரியாது. உடந்தைன்னு நிக்காது. பார்த்ததுக்கு... செக்ஷன் இல்லப்பா. வேற ஊருக்கு மாத்துவாங்க."

"அந்த ஊர்லயும் கம்ப்யூட்டர் இருக்குமில்ல மேடம்?"

அவன் போனில் எண்ணை அழுத்தி நீட்டினான். "அம்மா. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

ஆய்வாளர் வாங்கினார். "அம்மா, உங்க பையன் சொல்லல. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

மறுமுனையில் அழுகை நின்றது.

"அப்ப யாரும்மா சொன்னது?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏட்டு உள்ளே தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

"நாங்கதாம்மா," என்றார்.