தூளிக் கயிற்றில் ஓர் இரும்பு

பூனை படுத்திருந்த இடத்தில் பூனையின் வடிவத்தில் மயிர் கிடந்தது.

காஞ்சனா துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். தூளிக்கு நேர் கீழே, தினமும் அது சுருண்டுகொள்ளும் இடம். வால் வளைந்திருந்த விதம்கூடத் தெரிந்தது. பிள்ளை பிறந்து இருபத்தோராம் நாள். ஆடி மாதம். திருத்தணி மலைமேல் காலையிலேயே பம்பை அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். காவடிக்காரர்களின் அரோகரா, வெயிலோடும் கற்பூர வாசனையோடும், ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மயிரை முறத்தில் அள்ளினாள். அது எடையே இல்லாமல் இருந்தது.

தூளிக் கயிற்றில் இரும்பு தொங்கியது. பச்சைப் பிள்ளை இருக்கும் இடத்தில் இரும்பு இருக்கவேண்டும். காத்து கருப்பு அண்டாது. அவள் புருஷன் கஜபதி பத்து நாளைக்கு முன்பு மடியில் முடிந்து கொண்டுவந்து கட்டியது. விரல் நீளத்துக்கு முறுக்குக் கம்பி, நுனியில் வழவழவென்று ஒரு குமிழ். அவன் நந்தியாற்றுப் பக்கம் இரும்புக் குழாய் பதிக்கிற வேலையில் இருந்தான். பற்றவைத்த குழாயின் உள்விரிசல் தெரிய, எக்ஸ்ரே மாதிரி போட்டோ பிடிக்க ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள்; பிடிக்கும்போது எல்லாரையும் தூரப் போகச் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு மண்ணில் கிடந்ததாம்.

"மறுநாளு திரும்பி வந்து எல்லாரு மடியையும் உதறச் சொன்னானுங்க," என்று அவன் அப்போது சிரித்தான். "அதுக்குள்ள இது இங்க வந்துட்சே. நான் வாயே தொறக்கல. திருடன்னு சொல்லி வேலைய வுட்டு எடுத்துட்டா?"

"இம்மாந்தூண்டு கம்பிக்கா பாவா?"

"அதானே. போட்டோ புடிக்கிறவனுக்குக் கம்பி இன்னாத்துக்கு?"

மூன்றாம் நாள் அவன் இடுப்பில், மடி முடிந்த இடத்தில், காசு அகலத்துக்குச் சிவந்தது. வெல்டிங் பொறி பட்டிருக்கும் என்றான். இப்போது அது உள்ளங்கை அகலப் புண். வேலைக்குப் போகவில்லை. பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். அழுகின வாழைப்பழ வாசனை அடித்தது. அவளுக்கும் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கயிற்றைப் பிடித்துத் தூளி ஆட்டும் வலது கை வீங்கி, விரல்கள் நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தன.

மத்தியானம் புழக்கடையில் ஒரு சத்தம் கேட்டது. எலும்பைக் கடிக்கும் சத்தம்.

பூனை. உடம்பில் மயிரே இல்லை. தன் பின்னங்காலைத் தானே தின்றுகொண்டிருந்தது. அவளை நிமிர்ந்து பார்த்தது. மறுபடி குனிந்து தின்றது.

கஜபதி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கடப்பாரையால் அடித்தான். சாகவில்லை. மறுபடி அடித்தான். மூன்றாவது அடியில் தலை நசுங்கியது. கால் மட்டும் வெகுநேரம் மண்ணைப் பிராண்டியது.

"வூட்டுக்குள்ள ஏதோ பூந்துகீது பாவா."

"ஆங்," என்றான். அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அதில் ரத்தம் இருந்தது.

மறுநாள் பள்ளிப்பட்டிலிருந்து பேயோட்டி வீரபத்திரன் வந்தான். உச்சி வெயிலில் அவளை வாசலில் உட்காரவைத்தான். கூட வந்தவன் உடுக்கை அடித்தான். வேப்பங்கொத்தால் முகத்தில் அடித்தான்.

"யாருடி நீ? எங்கேர்ந்து வந்த?"

"நான் காஞ்சனா சாமி."

"பொய் சொல்லுது பார். நல்லாப் பேசுதே!"

சாட்டையை எடுத்தான். முதுகில் விழுந்தது. மறுபடி விழுந்தது. உள்ளே பிள்ளை வீறிட்டது. அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது.

"பச்சை ஒடம்புக்காரிய்யா, வுட்டுடு!" பக்கத்து வீட்டு ஜெயம்மாள் கத்தினாள். "நீ பேய ஓட்ட வந்தியா, பொம்பளைய ஓட்ட வந்தியா?"

அவன் காதில் வாங்கவில்லை. புளியமரத்தில் வைத்து ஆணி அடிக்க உச்சிமயிர் வேண்டும். கொத்தாகப் பிடித்துக் கையில் சுற்றினான். இழுத்தான்.

தடையே இல்லை.

பின்னால் தடுமாறி விழுந்தான். கையில் அவள் கூந்தல். முழுக்க.

உடுக்கை நின்றது. காஞ்சனா தலையைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. வலிக்கவில்லை. சாட்டை வலித்தது. இது வலிக்கவில்லை.

வீரபத்திரன் எழுந்தான். வாசற்படியைத் தாண்டவில்லை.

"புள்ளைக்கு இரும்பு வெச்சிகீறியா?"

"ஆங் சாமி. தூளிக் கயித்துல."

"கயித்துல கீறதா காக்கும்? இது பொல்லாதது. அடுத்து புள்ளையத்தான் கேக்கும். இரும்பு ஒடம்புல படணும். அரணாக்கவுத்துல கட்டு. மூணு முடிச்சு. இன்னா ஆனாலும் அவுக்காத."

அவள் அன்றே கட்டினாள். வீங்கிய விரல்களில் நகம் உதிர்ந்திருந்தது, முடிச்சுப் பிடிபடவில்லை. பல்லால் இறுக்கினாள். பிள்ளையின் வயிறு வெதுவெதுப்பாக, பால் வாசனையோடு உதட்டில் பட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. இரும்பு தொப்புளுக்குக் கீழே பதிந்து நின்றது.

அதன்பின் மூன்று நாள் பிள்ளை ஓயாமல் அழுதது. நான்காம் நாள் அழவில்லை.

"இரும்பு வேல செய்யுது," என்றான் கஜபதி, பாயிலிருந்து. உதடு வெடித்திருந்தது. "சொன்னேனில்ல?"

விடிந்ததும் தூளியை விலக்கிப் பிள்ளையைத் தூக்கினாள். மூச்சு இருந்தது. சின்னச் சின்னதாக, வேகமாக. பிறக்கும்போதே கருகருவென்று முடியோடு பிறந்த பிள்ளை. முதல் மொட்டை மலைக்கு என்று நேர்ந்திருந்தாள்.

தூளித் துணியில் முடி கிடந்தது. தலையின் வடிவத்தில்.

மலையில் பம்பை அடித்தது. அவள் சட்டையை விலக்கினாள். இரும்பைச் சுற்றி வயிறு கறுத்திருந்தது. முடிச்சு மூன்றும் தளர்ந்திருந்தன.

அதுதான். தளர்ந்துவிட்டது. அதனால்தான்.

காஞ்சனா குனிந்தாள். கயிற்றைப் பல்லில் கடித்தாள். நாலாவது முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.