முதல் நூறு சுற்று

நான்காவது சக்கரத்துக்கும் எடைச் சமம் பார்க்கும் சமனியின் திரையில் சுழியம் விழுந்தபோது சௌடேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நாலும் சுழியம். ஒரு கடுகின் எடைகூட எந்தப் பக்கமும் கூடவில்லை.

“பாத்துக்குங்க,” என்றாள், எதிரே நின்ற ஒளியுருவிடம்.

ஒளியுருவுக்குச் சொந்தக்காரர் யாக்கப், டயர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். ஆள் ஜெர்மனியில் இருந்தார். உருவம் மட்டும் சிங்காநல்லூரில் அவளுடைய டயர் கடைக்குள் வந்து நின்றது. அவர் பேசுவதை மொழிமாற்றி தமிழாக்கியது. அந்தக் கருவிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் மேடைப் பேச்சாளராக இருந்திருக்க வேண்டும்.

“வியப்பளிக்கிறது, அம்மையே. எங்கள் பணிமனையிலேயே மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன.”

“எங்களுக்கு ஒண்ணு போதுமுங்க.”

இப்படிச் சொல்வதற்காகத்தான் அவள் இரண்டு மாதம் மல்லுக்கட்டியிருந்தாள். டயரை மாட்டத் தங்கள் ஆளையே விமானத்தில் அனுப்புவதாக நிறுவனம் சொன்னது. ‘கோயமுத்தூர்ல செஞ்ச காருக்குக் கோயமுத்தூர்லதான் டயர் மாட்டோணும்’ என்று ஒரே பிடியாக நின்றாள். ஊர் முழுக்க அதைச் சொல்லியும் வைத்திருந்தாள். இனி பின்வாங்கினால் அவிநாசி சாலையில் தலைகாட்ட முடியாது.

காரின் பெயர் வல்லூறு. இரண்டே இருக்கை, முழங்கால் உயரத்துக்கு மூக்கு, இடுப்பு உயரத்துக்குக் கூரை. பம்புசெட் தொழிற்சாலை நடத்தும் நஞ்சுண்டன் ஒன்பது வருடம் உட்கார்ந்து உருவாக்கிய கையோட்டி. உலகம் பூராவும் வண்டிகள் தாமாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மனிதன் ஸ்டியரிங் வளையம் பிடித்து ஓட்டுவதற்கென்றே செய்த கார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அது ஆழியாறில் தொடங்கி வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். அங்கே இருபத்து நான்கு நிமிடச் சாதனையை வைத்திருந்தது வெளிநாட்டுத் தானோட்டி ஒன்று.

டயர்தான் முக்கியம். எல்லா வண்டியிலும் அப்போது பயில்டயர்தான். ரப்பருக்குள் ஓடும் உணர்நரம்புகள் ரோட்டைத் தொட்டுப் பார்க்கும். எங்கே இறுகிப் பிடிக்க வேண்டும், எங்கே நழுவ விட வேண்டும் என்று டயர் தானே கற்றுக்கொள்ளும். உலகத்தில் எங்கேயாவது ஒரு டயர் நல்ல வித்தை ஒன்றைக் கண்டுபிடித்தால், ஞாயிறு மாலை நடக்கும் பொதுப்பகிர்வில் அது எல்லா டயர்களுக்கும் போய்ச் சேரும். சாதாரண டயர்கள் அரிச்சுவடியைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிட்டுத்தான் கடைக்கு வரும். இந்த நான்கு பந்தய டயர்கள் அப்படி இல்லை. எதுவும் அறியாமல் வந்திருந்தன. அந்தக் காரிலேயே, அந்த ஓட்டுநரிடமே முதல் பாடம் கற்க வேண்டும்.

காலையில் அவற்றை மாட்டியது லேசுப்பட்ட வேலையாக இல்லை. சக்கரம் மக்னீசியம், இயந்திரக் கை பட்டால் கீறல் விழும். சௌடேஸ்வரி இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு, விளிம்பில் சோப்புக்குழம்பு தடவி, முழங்காலால் அழுத்தி, கையாலேயே டயரை ஏற்றியிருந்தாள். காற்று ஏறி டயரின் ஓரம் சக்கரத்தில் போய் உட்கார்ந்தபோது ‘டப்’ என்று ஒரே சத்தம். அந்தச் சத்தம் சுத்தமாக வந்தால் அவளுக்கு அன்றைக்குச் சோறு கூட ருசிக்கும். நான்கு முறையும் சுத்தமாக வந்தது.

“ஒன்றை மட்டும் நினைவில் கொள்க,” என்றார் யாக்கப். “முதல் நூறு சுற்றுகள் தூய, உலர்ந்த தளத்தில் நிகழ வேண்டும். அப்போது சந்திப்பதையே இவை சாலை என்று நம்பும். பின்னர் மாற்ற இயலாது.”

“அதெல்லாம் தெரியுமுங்க. முந்தாநாளே வாசலைக் கழுவிக் காயவெச்சாச்சு.”

ஒளியுரு வணங்கி மறைந்தது. பக்கத்தில் நின்றிருந்த நஞ்சுண்டன் உடம்பை மடக்கிக் காருக்குள் இறங்கினார்; ஓட்டப்போவதும் அவர்தான். சௌடேஸ்வரிக்கு மனசு அப்போதே வால்பாறைக்குப் போய்விட்டது. வெற்றிக்கோட்டில் நிற்கிறாள், யாரோ மைக்கில் அவள் கடையின் பெயரைச் சொல்கிறார்கள். அந்த நினைப்பிலேயே கற்பூரம் ஏற்றிச் சுற்றினாள். அந்த நினைப்பிலேயே நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து நான்கு டயருக்கும் அடியில் வைத்தாள். பதினெட்டு வருடமாக அவள் கடையிலிருந்து எந்த வண்டியும் பழம் நசுக்காமல் வெளியே போனதில்லை. கை அதன் வேலையைச் செய்தது.

“போலாமுங்கண்ணா!”

பச்சக்.

அவள் கையிலிருந்த டயர் கண்காணிப்புக் கருவி மின்னியது: ‘முதல் பாடம் பதிவானது.’

அப்போதுதான் சௌடேஸ்வரிக்கு யாக்கப் சொன்னது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் காரின் மூக்கைத் தட்டி நிறுத்தினாள்.

“அண்ணா, நானே கெடுத்துப்போட்டனுங்க.”

யாக்கப்பை மறுபடி கூப்பிட்டார்கள். தரையில் கிடந்த சாற்றையும் தோலையும் அவர் வெகுநேரம் பார்த்தார்.

“எதற்காக ஒரு பழத்தை…?”

“திருஷ்டிக்குங்க.”

மொழிமாற்றி சற்றுத் திணறியது. யாக்கப்பின் முகத்தைப் பார்த்தால் அது என்ன சொன்னதோ என்று இருந்தது.

“அழிக்க இயலாது. மாற்று டயர்கள் வந்தடைய இருபது நாட்கள் ஆகும். வருந்துகிறேன், அம்மையே.”

அவள் நஞ்சுண்டனின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. ஒன்பது வருட உழைப்பு. அதை ஒரு கைப்பழக்கத்தில் பாழாக்கிவிட்டோம் என்று நினைக்கையில் கண் நிறைந்துவிட்டது.

நஞ்சுண்டன் தொண்டையைச் செருமினார். “அம்மணி, நீ வெக்காம விட்டிருந்தா நானே எறங்கி வெச்சிருப்பேன். பழம் நசுக்காத வண்டியில எனக்கு ஏறிப் பழக்கமில்ல. நாளைக்கு இதே டயர்லதான் போறேன். நீயும் வா.”

ஞாயிறு காலை ஆழியாறில் பெருங்கூட்டம். காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கோட்டில் இறக்கியிருந்தார்கள். கொடி அசைந்தது. வல்லூறு உறுமியது. நான்கு சக்கரங்களும் நின்ற இடத்திலேயே சுழன்றன. கார் ஓர் அங்குலம் நகரவில்லை. டயரின் மேல்தோல் கண்ணாடி போல வழவழத்துக் கிடந்தது. கூட்டத்தில் ஒருவன் சிரிக்க, பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

“மூன்று நிமிடம் அவகாசம்,” என்றது ஒலிபெருக்கி. “அதற்குள் நகராவிட்டால் நீக்கம்.”

சௌடேஸ்வரி தடுப்பைத் தாண்டிக் குதித்துக் காரின் பக்கத்தில் குனிந்தாள். டயர் கெட்டுப்போகவில்லை. எதற்கோ காத்திருக்கிறது. அது பிறந்தவுடன் கற்ற முதல் பாடம் என்ன? முதலில் ஒரு வழுக்கல், அடுத்த நொடி கெட்டித் தரை. அதன் பிறகுதான் பயணம். அந்த வழுக்கலைத்தான் தேடுகிறது!

சாலையோரச் சர்பத் கடைக்கு ஓடினாள். நான்கு எலுமிச்சம்பழத்தை அள்ளினாள். கடைக்காரர் கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு டயருக்கும் ஒன்றாக வைத்துவிட்டு விலகி நின்றாள்.

“இப்பப் போங்கண்ணா!”

பச்சக். மறுநொடி டயர்கள் தாரைக் கவ்விய சத்தத்தில் கூட்டமே பின்வாங்கியது. முதல் வளைவில் கார் நழுவும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தண்டவாளம் போட்டு வைத்ததுபோலத் திரும்பியது. ஒன்பதாவது வளைவில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. அங்கேயும் வேகம் குறையவில்லை. நாற்பதாவது வளைவை முடித்து நஞ்சுண்டன் இறங்கியபோது கடிகாரம் இருபத்திரண்டு நிமிடம் நாற்பது நொடி காட்டியது.

அவள் இன்னொரு வண்டியில் ஏறி மேலே வந்து சேர்ந்ததும் மைக்கில் அவள் கடையின் பெயரைச் சொன்னார்கள். இரண்டு முறை சொன்னார்கள். சௌடேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் கூசுகிறது என்றாள்.

யாக்கப்பின் ஒளியுரு ஆடிக்கொண்டே வந்து நின்றது, அவ்வளவு பரபரப்பு.

“ஈரமும் உலர்வும் ஒரே சுற்றில்! அந்த இரண்டு எல்லைகளையும் தொட்டதும் டயர் தன் அளவுகோல் முழுவதையும் அமைத்துக்கொள்கிறது. இத்தகைய தொடக்கத்தைத்தான் பதினோரு ஆண்டுகளாகத் தேடினோம். நீங்கள் இதை எவ்வாறு அறிந்தீர்கள்?”

நடந்த தவறு, மலையிறங்குவதற்குள் ஒரு செய்முறையாகவே மாறிவிட்டிருந்தது. “நாங்க எதையும் சும்மா செய்யமாட்டமுங்க,” என்றாள் சௌடேஸ்வரி. நஞ்சுண்டன் மீசைக்குள் சிரித்தார், காட்டிக்கொடுக்கவில்லை.

அன்று மாலை வழக்கம்போலப் பொதுப்பகிர்வு நடந்தது. ஒரு டயர் கண்டுபிடித்த நல்ல வித்தை எல்லா டயர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை காலை சௌடேஸ்வரி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. எதிர்வீட்டு வேனும் அப்படியே. தெருமுனையில் நகரப் பேருந்து ஆறு சக்கரமும் சுழல நின்றுகொண்டிருந்தது; ஓட்டுநரில்லாத அதன் குரல், ‘பயணிகள் பொறுத்தருள்க’ என்று திரும்பத் திரும்பச் சொன்னது. விஷயம் அவளுக்கு ஒரே நொடியில் புரிந்தது. காய்கறிக் கடைக்கு ஓடினாள். எலுமிச்சைக் கூடை காலி. அடுத்த கடையிலும் காலி. ஊரில் மற்றவர்களுக்கும் புரிந்திருந்தது. அவளுக்கு முன்னாலேயே புரிந்திருந்தது.

நடந்தே போனாள். ஐந்து கிலோமீட்டர். வழியெல்லாம் நின்றுகிடந்த வண்டிகளுக்கு நடுவே ஆட்கள் அவளை அடையாளம் கண்டு கும்பிட்டார்கள். சிலர் திட்டவும் செய்தார்கள். அவள் தலையை நிமிர்த்தியே நடந்தாள்.

கடை திறந்ததும் யாக்கப் வந்து நின்றார். தலை கலைந்திருந்தது.

“அம்மையே, இங்கு எந்த வாகனமும் நகரவில்லை. புட்டியில் அடைத்த சாற்றை ஊற்றினோம், டயர்கள் ஏற்கவில்லை.”

“ஏத்துக்காதுங்க. முழுப் பழமா நசுங்கோணும். டயருக்கு ஒண்ணு. நல்லாப் பழுத்ததா, தோல் மெலிசா இருக்கோணும்.” சௌடேஸ்வரி முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். யாக்கப் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். உலகத்துக்கே அவள் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நன்றி. எங்கள் துறைமுகத்தில் ஒரு கப்பல் நிறைய எலுமிச்சை இருக்கிறது. ஆட்கள் தலைச்சுமையாகவே இறக்கி வருகிறார்கள். வேறேதும் உண்டா?”

அவள் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்தாள். புழுதி படிந்து, ஒரு வார் அறுந்திருந்தது.

“அதுல எனக்கும் ரெண்டு பழம் எடுத்து வைங்க,” என்றாள். “ஸ்கூட்டருக்கு.”